ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது

1

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்து கோணலாக வரும். என்ன சொல்ல வந்தேன் என்பது பாதியில் மறந்துபோகும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள், ஊரே படிக்கிற பத்திரிகையில் எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். நம் நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் நடத்துகிற பத்திரிகை, வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். போன இதழ்களில் மற்றவர்கள் பனி, ரயில், பழைய கோட்டை என்று நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் அதையெல்லாம் அவ்வளவாகப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு சுவிட்ச். அதைப் பற்றித்தான் எழுத முடியும்.

போன வாரம் ஆயுதபூஜை வந்து போயிற்று. இந்த வருஷம் என் மகள் வளர்மதி, அவள் வேலை செய்கிற லேபுக்கு என்னை அழைத்துப் போகவில்லை. போன வருஷம் அழைத்துப் போனாள். ஏன் இந்த வருஷம் இல்லை என்பதை எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும்.

2

என் பெயர் தனபாக்கியம். வீடு வடக்குத்து. டவுன்ஷிப்புக்கு வெளியே, ஆனால் ஷிப்டு சங்கு சத்தம் கேட்கிற தூரம். வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெல்ட்டு பார்த்தார். நிலக்கரி வருகிற அந்த ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற மண்ணை அள்ளிப் போடுவதில் ஆரம்பித்தார். பதினாறு வருஷம் கான்ட்ராக்ட், கடைசி ஆறு வருஷம் பெர்மனென்ட். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளை குடிப்பாரா என்று அப்புறம்தான் கேட்பார்கள். பெர்மனென்டா என்று முதலில் கேட்பார்கள். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

அவர் பார்த்த சுரங்கத்தில் மண் வெட்டுகிற பெரிய சக்கர மிஷின் ஜெர்மனியில் செய்தது என்று சொல்வார். அந்த ஊர்க்காரன் இங்கே வந்து மிஷினைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனானாம். அதற்குப் பதிலாக நாங்கள் எங்கள் பெண்ணை அனுப்பினோம். அவள் பின்னால் நானும் வந்தேன்.

வந்த புதிதில் வெளிநாட்டுக்காரர்களுக்கான ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடத்தில் வீட்டுக்காரர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இங்கே அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். காத்திருக்கிற இடத்தில் ஒரு பெண் வந்து, "ஃப்ராவ் கலியபெருமாள்" என்றாள். ஃப்ராவ் என்றால் இங்கே திருமதி. நான் திரும்பிப் பார்த்தேன். செத்துப்போன மனுஷன் இத்தனை தூரம் எப்படி வந்தார் என்று இருந்தது.

"எம்மா, உன்னத்தான் கூப்புடறாங்க, எழுந்திரு" என்றாள் வளர்மதி.

முப்பத்தெட்டு வருஷம் வாயால் சொல்லாத பெயர். இப்போது டாக்டர், பாங்கி, பஸ் பாஸ் எல்லாவற்றிலும் நான்தான் அவர். உயிரோடு இருந்தவரை ஒரு ஆபீசரும் அவரை இத்தனை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

இந்த ஊர்ப் பாஷையில் எனக்கு வருவது 'டாங்கே' ஒன்றுதான். நன்றி என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் டாங்கே என்பேன். பல் வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார், டாங்கே. டிக்கெட் எங்கே என்று பஸ்ஸில் கேட்டார்கள், டாங்கே. பஸ்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

இந்த ஊரில் தங்குவதற்கு அந்த ஆபீசில் கொடுத்த அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அட்டை எந்தத் தேதி வரை செல்லுமோ, அது வளர்மதியின் அட்டைத் தேதி. அவள் அட்டைத் தேதி, அவள் வேலை கான்ட்ராக்ட் முடிகிற தேதி. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டினது. போன வருஷம் இந்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் மார்ச்சோடு எல்லாம் முடிகிறது. அதற்குள் அவளுக்குப் பெர்மனென்ட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டும். வடக்குத்தில் அவளுக்கு எது கிடைக்கவில்லை என்று எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தோமோ, அதற்கே இங்கேயும் காத்துக்கொண்டிருந்தோம்.

3

வளர்மதி மீன் பார்க்கிறாள். அப்படித்தான் ஊரில் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். எந்த மார்க்கெட்டில் என்று கேட்பார்கள். முதலில் எனக்கும் புரியவில்லை. ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"உன் வேலை இன்னாதான் வளரு? மீன் வளக்கறியா, அறுக்கறியா?"

"ரெண்டும் இல்லம்மா. முட்டைக்குள்ள குஞ்சு உருவாகும்போது எந்த ஜீன், எந்த எடத்துல, எந்த நேரத்துல வேலை செய்யுதுன்னு பாக்கறேன். நான் பாக்கறது ஒரு ஜீன் குடும்பம். அது மத்த வேலை எதையும் தானா செய்யாது. மத்த ஜீனப் பாத்து நீ ஆரம்பி, நீ நிறுத்துன்னு சொல்லும்."

"மேஸ்திரி."

அவள் தோசையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ம். மேஸ்திரிதான்."

"எத்தன மேஸ்திரி?"

"அதாம்மா விஷயமே. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இந்த மீனோட மூதாதைக்கு மொத்த ஜீனும் ரெண்டு செட்டா ஆயிப்போச்சு."

"ஆளுங்க பேரு எழுதற மஸ்டர் ரோலையே ஜெராக்ஸ் எடுத்தாப்பலயா?"

"ஆமா. மனுஷனுக்கு ஒரு மேஸ்திரி இருக்கற எடத்துல மீனுக்கு ரெண்டு."

"ஒரு வேலைக்கு ரெண்டு மேஸ்திரியா? ஒருத்தன வூட்டுக்கு அனுப்பிடுவாங்களே."

"முக்கால்வாசி அதுதான் நடந்துச்சு. ஒண்ணு கெட்டு, காணாமயே போயிடும். சிலது மட்டும் வேலையப் பிரிச்சிகினு ரெண்டும் நிக்கும். நான் பாக்கற ரெண்டுல ஒண்ணு கண்ணுகிட்ட நிக்குது, இன்னொண்ணு காதுகிட்ட நிக்குது. ரெண்டுக்கும் ஒரே பேருதான். கடைசில மட்டும் ஒண்ணுக்கு ஏ, ஒண்ணுக்கு பி."

இத்தனை படித்துவிட்டு இதைத்தான் கண்டுபிடித்தார்களா என்று இருந்தது. ஒரே வேலை, ஒரே யூனிபாரம், ஒருத்தர் பெர்மனென்ட், ஒருத்தர் கான்ட்ராக்ட். இதை எங்கள் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவள் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி எங்கே நிற்கிறார் என்பதைப் பார்க்கக் குஞ்சைக் கொன்று மருந்தில் ஊறவைத்து, சாயம் ஏற்றுவார்கள். அந்த ஜீன் வேலை செய்கிற இடம் மட்டும் நீலமாகத் தெரியும். வெள்ளைச் சட்டையில் நீலம் சரியாகக் கரையாமல் ஒரே இடத்தில் திட்டாக நிற்குமே, அப்படி. ஒரு தடவை படம் காட்டினாள். வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு குஞ்சு, அதில் நீலத் திட்டு.

மீன்களுக்கு இங்கே இருக்கிற மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் பதிவு, அனுமதி, கையெழுத்து. ஆனால் முட்டையிலிருந்து ஐந்து நாள் வரை குஞ்சு சட்டப்படி மீன் இல்லையாம். தானாகத் தின்ன ஆரம்பித்தால்தான் மீன். நான் இந்த ஊரில் தானாகக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டதில்லை. அப்படிப் பார்த்தால் நான் இன்னும் சேர்த்தி இல்லை.

முட்டைகளை வைக்கிற பெட்டியில் எப்போதும் இருபத்தெட்டரை டிகிரிச் சூடு இருக்க வேண்டும். நம் ஊர் மார்கழி மாதத்துப் பகல். எங்கள் வீட்டில் பத்தொன்பதுக்கு மேல் வைக்க விடமாட்டாள்.

"மீனுக்கு மட்டும் இன்னாத்துக்கு அவ்ளோ சூடு?"

"கொறஞ்சா வளர்றது லேட்டாயிடும்மா."

"எனக்கும் கூட்டி வெச்சா இன்னா?"

"நீ இதுக்கு மேல வளந்து இன்னா பண்ணப்போற?"

அவள் என்னிடம் இப்படிப் பேசுவது வீட்டுக்குள் மட்டும்தான். லேப் ஆட்களோடு சிரிக்கும்போது அது வேறு சிரிப்பு. பல் தெரியாமல் அளவாகச் சிரிப்பாள். அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. முதல் தடவை பார்த்தபோது யாரோ ஒருத்தி என்று நினைத்தேன்.

லேபில் இன்னொருத்தர் இருக்கிறார், தோமாஸ். இந்த ஊர்க்காரர். வளர்மதி கண்ணுகிட்ட நிற்கிற ஏ-வைப் பார்க்கிறாள், அவர் காதுகிட்ட நிற்கிற பி-யைப் பார்க்கிறார். இரண்டு பேரும் கான்ட்ராக்ட். வரப்போகிற பெர்மனென்ட் ஒன்று. டிசம்பரில் அவர்கள் ப்ரொபசரம்மா முடிவு சொல்வதாக இருந்தது.

4

ஆயுதபூஜை அன்று சுரங்கத்துக்குள் குடும்பத்தோடு போனவர்களுக்குத் தெரியும். புதுத்துணி போட்ட பிள்ளைகள், அந்தப் பெரிய சக்கரத்துக்கு வாழைமரம், ஒவ்வொரு வாளிக்கும் சந்தனம், குங்குமம், பூசணிக்காய். வீட்டுக்காரர் தன் பெல்ட்டு மோட்டாருக்குத் தானே பொட்டு வைப்பார். யாரையும் விடமாட்டார். முதலில் சுவிட்சை அணைப்பார். அணைத்துவிட்டு இரண்டு தடவை பார்ப்பார். அதற்கப்புறம்தான் கையை வைப்பார். "ஓடற மிஷினுக்குப் பொட்டு வெக்கக் கூடாது. வெச்சா சாமிக்கும் ஆகாது, கைக்கும் ஆகாது" என்பார். அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு விரல் போயிருந்தது. அதனால் அது சாஸ்திரமா, சேஃப்டியா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஆயுதபூஜையை ஒட்டிய சனிக்கிழமை, வளர்மதிக்கு வேலை இருந்தது. அவளுக்குச் சோறு போடுகிற மிஷினுக்கு ஒரு பொட்டு வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். மூன்று நாள் கேட்டேன்.

"சரி வா. கற்பூரம் கூடாது, அலாரம் அடிச்சி ஃபயர் சர்வீஸ் வந்துடும். தேங்காய் ஒடைக்கக் கூடாது. மணி அடிக்கக் கூடாது."

"அப்ப பூஜையில இன்னாதான் இருக்கும்?"

"பொட்டு. சின்னதா. தொடச்சா போற மாதிரி."

காலையில் லைட்டு போட்டதும் மீன்கள் முட்டை போடுமாம். லைட்டுதான் அவற்றுக்குச் சங்கு. முட்டைகளைக் கண்ணாடித் தட்டில் எடுத்து வந்து, பத்து மணிக்கு அந்தச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கீழே தொட்டி ரூமுக்குப் போனாள். நான் தனியாக இருந்தேன். மைக்ராஸ்கோப் அணைந்துதான் இருந்தது, பொட்டு வைத்தேன். சொட்டு விடுகிற குழாய்களுக்கு வைத்தேன். சூட்டுப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில் இருபத்தெட்டரை என்று எரிந்தது. சுவரில் சுவிட்ச் இருந்தது. அணைத்தேன். சிவப்பு போனதை இரண்டு தடவை பார்த்தேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, என் பெண்ணுக்குப் பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று கும்பிட்டேன்.

அப்போது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் உள்ளே வந்தான். எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. டாங்கே என்று சொல்லிவிட்டு, பூஜைத் தட்டை அங்கேயே விட்டு, காபி ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாலு மணிக்கு வளர்மதி கிளம்பலாம் என்றாள். தட்டை எடுக்கப் போனேன். பெட்டியில் சிவப்பு எழுத்து இல்லை. ஆறு மணி நேரம். சுவிட்சைப் போட்டேன். இருபத்தொன்று என்று காட்டியது. பார்த்துக்கொண்டே இருந்தேன், இருபத்திரண்டு ஆயிற்று. ஏறுகிறதே, சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை.

5

மறுநாள் காலை அவள் அந்தக் குஞ்சுகளை எடுத்து மருந்தில் போட்டாள். இருபத்துநாலு மணி நேரக் குஞ்சு என்று சீட்டு ஒட்டினாள். சாயம் ஏற்றிப் பார்க்க நாலைந்து நாள் ஆயிற்று. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, நம்ம மேஸ்திரி காதுகிட்டயும் நிக்கறாம்மா."

"தோமாஸ் சைட்டுலயா?"

"ஆமா. எல்லாரும் அங்க பி மட்டும்தான்னு சொல்லிகினு இருந்தாங்க. நீலமா இருக்குது, பட்டுன்னு தெரியுது."

ப்ரொபசரம்மா கேக் வாங்கி வந்தாராம். ஒரு பங்கு எனக்கும் வந்தது. நான் அதைத் தின்றுகொண்டே, இதில் என்ன அதிசயம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"குஞ்சு இன்னும் சின்னதா இருந்தா அதிசயமே இல்லம்மா. மூணு நாலு மணி நேரம் முன்னாடி பாத்தா ரெண்டு மேஸ்திரியும் ரெண்டு எடத்துலயும் நிப்பாங்க. அப்புறம் பிரிச்சிக்குவாங்க. இருபத்துநாலு மணி நேரத்துக்கு அப்புறமும் நிக்குதே, அதான்."

எனக்குக் கணக்கு வராது. ஆனால் ஷிப்டு கணக்கு வரும். ஆறு மணி நேரம் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் வளர்வது தாமதமாகும். விரல்விட்டு எண்ணினேன். மிச்சக் கேக்கைத் தட்டோடு தள்ளி வைத்தேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. என் கூச்சத்துக்கு அவ்வளவு நல்ல வேலை அதுவரை கிடைத்ததில்லை. ஒன்பது நாளில் என்னென்ன சமாதானம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? சுவிட்ச் சரியாக அணைந்திருக்காது. ஜெர்மன் பெட்டி, சூடு உள்ளேயே நின்றிருக்கும். கும்பிட்டுக்கொண்டே அணைத்தேனே, கடவுள் ஒரு வழி காட்டியிருப்பார். பெர்மனென்ட் கேட்டேன், கொடுத்துவிட்டார். அவர் எப்படிக் கொடுத்தால் எனக்கென்ன? ப்ரொபசரம்மா சிபாரிசுக் கடிதம் எழுதிவிட்டார் என்று வளர்மதி சொன்னபோது சாமி படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட வேண்டும் என்று இருந்தது. இங்கே ஒரு முழம் என்று பூ விற்பதில்லை. ஒரு பூ, இரண்டு பூ என்று எண்ணி விற்கிறார்கள்.

பத்தாவது நாள் தோமாஸ் சாப்பிட வந்தார். வளர்மதிதான் கூப்பிட்டிருந்தாள். சாம்பார் ஊற்றினேன், நன்றாகச் சாப்பிட்டார். உயரமான மனுஷர், எங்கள் சமையல்கட்டில் குனிந்து குனிந்து நின்றார். பேசிக்கொண்டிருந்தவர் தன் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்து அதையே பார்த்தார்.

"இன்னா சொல்றாரு?" என்றேன்.

"நான் பாத்தத அவரும் ரெண்டு தடவ செஞ்சி பாத்துட்டாராம். அவருக்கு வரல. மூணு வருஷமா அங்க பி மட்டும்தான்னு எழுதிகினு இருந்தேன், என் கைதான் சரியில்ல போலங்கறாரு. வேற வேலை தேடப் போறாராம்."

அந்தக் கைகளைப் பார்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டின சுத்தமான கை. அதில் ஒரு தப்பும் இல்லை என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள்.

6

அவர் போனதும் பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்தால் வராது.

"வளரு. அன்னைக்கு அந்தப் பொட்டிய நான் அணைச்சிட்டேன்."

"எந்தப் பொட்டி?"

"சூட்டுப் பொட்டி. பொட்டு வெக்கறதுக்கு அணைச்சேன். போட மறந்துட்டேன்."

"எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கி."

"எப்பப் போட்ட?"

"நாலு மணிக்கி."

குழாயை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"ஊருக்குப் போவணும்னுதான அணைச்ச?"

"இன்னாடி கேக்கற?"

"எனக்கு இங்க ஆவலன்னா நீ வடக்குத்துக்குப் போயிடலாம். தெனம் அந்த ஜன்னலுகிட்ட உக்காந்துகினு பஸ்ஸு எண்ணற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மறந்துதான் போனேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. ஆனால் வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த ஒன்பது நாளில் ஒரு மத்தியானம், ஆகாமல் போனால் தை மாதம் வீட்டில் இருக்கலாமே என்றும் நான் நினைத்தது உண்டு. நினைத்தது பின்னால், அணைத்தது முன்னால். ஆனால் ஒரே மனசுதானே. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டாளோ தெரியவில்லை.

"மறந்துட்டேன்டி. சத்தியமா மறந்துட்டேன்."

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"இருந்தேன். ஒம்போது நாளு இருந்தேன்."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். பல் தெரிகிற, எனக்குத் தெரிந்த சிரிப்பு. உடனே அழுதாள்.

மறுநாள் லேபுக்குப் போய், மருந்தில் மிச்சம் இருந்த குஞ்சுகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தாளாம். குஞ்சின் முதுகில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டையாக வரிசை இருக்கும், நேரம் ஆக ஆகக் கூடும். கைக்குழந்தைக்குப் பல்லை எண்ணி மாசம் சொல்வது மாதிரி, அதை எண்ணி வயசு சொல்வார்கள். எண்ணினால் மூன்று மணி நேரம் குறைகிறது.

"ஒன் தப்பு மட்டும் இல்லம்மா" என்றாள் போனில். "மருந்துல போடறதுக்கு முன்னாடி எண்ணணும். அதான் முறை. நான் கடியாரத்தப் பாத்தேன், குஞ்சப் பாக்கல. சிபாரிசுக்கு அவசரம்."

"ப்ரொபசரம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"கதவாண்டதான் நிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

7

ப்ரொபசரம்மா திட்டவில்லை. இந்த ஊரில் திட்ட மாட்டார்கள், ஃபாரம் கொடுப்பார்கள். சம்பவ அறிக்கை என்று நாலு பக்கம். சம்பந்தப்பட்டவர் பெயர்: கலியபெருமாள். பாவம், அவர் சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவர். பதவி: இல்லை. பணியாளர் எண்: இல்லை. காரணம் என்கிற இடத்தில் மின்தடை, பழுது, கவனக்குறைவு, மற்றவை என்று நாலு கட்டம். ஆயுதபூஜைக்குக் கட்டம் இல்லை. வளர்மதி 'மற்றவை'யில் குறி போட்டு, பக்கத்தில் 'சமயம் சார்ந்த பராமரிப்பு' என்று எழுதினாளாம். ஒரு மாதம் கழித்து, அடுத்த தடவை அந்தப் பராமரிப்பு எப்போது என்று சேஃப்டி ஆபீசிலிருந்து கேட்டு எழுதினார்கள்.

தோமாஸ் வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் எதற்கு நன்றி சொல்கிறார் என்று எனக்கு உடல் கூசியது. நானும் டாங்கே என்றேன். அன்று ஒரு நாள் அது சரியான இடத்தில் வந்தது.

மூன்று மணி நேரம் சின்னக் குஞ்சில் இரண்டு மேஸ்திரியும் இரண்டு இடத்திலும் நிற்பது முன்னாலேயே எவரோ எழுதி வைத்த சங்கதி. அதனால் எங்கள் பூஜையால் உலகத்துக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சூட்டுப் பெட்டியில் இப்போது ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஜெர்மனில், இங்கிலீஷில், மூன்றாவதாகத் தமிழில்: 'அணைக்காதே'. அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எழுதினவள்.

டிசம்பரில் முடிவு வந்தது. பெர்மனென்ட் இப்போதைக்கு இல்லையாம், மேலிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். இருக்கிற ஒரு கான்ட்ராக்டை இரண்டாகப் பிரித்து, பாதி வளர்மதிக்கு, பாதி தோமாசுக்கு, இரண்டு வருஷம். பாதி வேலை என்று பெயர்தானே தவிர இரண்டு பேரும் முழு நாளும் அங்கேதான் கிடக்கிறார்கள். ப்ரொபசரம்மாவுக்கு வளர்மதி மேல் மதிப்புக் கூடியிருக்கிறது என்று தோமாஸ் சொன்னாராம். மதிப்பை எந்த ஆபீசில் காட்டுவது?

பாதி வேலைக்கு முழு அம்மாவை வைத்துக்கொள்ளலாமா என்பதை வெளிநாட்டு ஆபீஸ் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. மார்ச்சிலிருந்து யோசிக்கிறார்கள். அதுவரைக்கும் என்று மடித்த காகிதம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை இவர் முறைப்படி இங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று அதில் எழுதியிருக்கிறதாம். நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன், பீரோவில், துணிக்கு அடியில்.

வளர்மதி அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவள் முன்னால் ஜன்னல் பக்கம் உட்காருவதை நான் விட்டுவிட்டேன். ஆபீஸ் காகிதம் என்ன சொன்னாலும் சரி என்று எனக்கு இருக்கிறது. அவள் மனசில் மட்டும், வேண்டுமென்றே செய்தேனோ என்று ஒரு மூலை இருக்கக் கூடாது. இவ்வளவு நீளமாக எழுதியது அதற்குத்தான். அவள் தமிழ் படிப்பது குறைந்துவிட்டது. அச்சில் வந்தால் படிப்பாள்.

பத்திரிகைப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மீனைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கும். ஏ எங்கே, பி எங்கே, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் படித்தவர்கள் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துத் திருத்திப் போடுங்கள். சுரங்கத்தில் பூஜைக்குப் பெல்ட்டை எத்தனை நிமிஷம் நிறுத்துவார்கள் என்பதையும் சர்வீசில் இருந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு நினைவு சரியில்லை. அணைத்தது நான், போட மறந்ததும் நான். அந்த இடத்தில் மட்டும் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்.